எத்தனை அடி தூரம்னு யாராவது அளந்தாங்களா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் பண்டாரவளையில சின்னதா ஒரு கராஜ் வச்சிருக்கேன், பெரும்பாலும் ஆட்டோவும் வேனும்தான் வரும். பேப்பருக்கு எழுதுற பழக்கம் எனக்கு கிடையாது, ஃபோன்ல தமிழ் டைப் பண்ண மகள்தான் சொல்லிக் குடுத்தா, அதனால எழுத்துப்பிழை இருந்தா நீங்களே திருத்திக்கோங்க. போன ஞாயித்துக்கிழமை, 2024 ஏப்ரல் 21, தியத்தலாவ ஆமி எடத்துல நடந்த ஃபொக்ஸ்ஹில் கார் ரேஸ்ல ஒரு கார் ட்ரெக்க விட்டு சனத்துக்குள்ள பாஞ்சத பத்தி நீங்க போடுறத எல்லாம் வரி விடாம படிச்சுக்கிட்டு வர்றேன், படிக்கப் படிக்க ஒரு விசயம் மனச அரிச்சுக்கிட்டே இருக்கு, அதச் சொல்லிரலாம்னுதான் இது.

ஏழு பேர் போயிட்டாங்க. அதுல ஒன்னு எட்டு வயசு புள்ள. நாலு பேர் ரேஸ் வேலைக்குன்னு நின்னவங்க. இருவது பேருக்கு மேல காயம். இதெல்லாம் நீங்களும் போட்டீங்க, டிவியிலயும் சொன்னாங்க. அதுக்கப்புறம் எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், எந்த டிரைவர் மேல தப்பு? புடிச்சாச்சா, உள்ள போட்டாச்சா? புடிச்சும் ஆச்சு. சரி, அது போலீஸும் கோர்ட்டும் பாத்துக்குற விசயம். நான் கேக்குறது வேற. அந்த சனம் அந்த எடத்துல ஏன் நின்னுச்சு? நிக்கலாம்னு அவங்களுக்கு காட்டுனது எது, ஒரு கயிறா, ஒரு டேப்பா, ஒரு மண் மேடா? ட்ரெக்குக்கும் அவங்க காலுக்கும் நடுவுல எத்தனை அடி?

அன்னைக்கு நான் போகல. ஒரு வேனுக்கு கிளட்ச் ப்ளேட் மாத்திக் குடுக்கணும், விடியக்காலம் நாலு மணிக்கு கொழும்புக்கு போற வேன், சொன்ன சொல்லு தவறக் கூடாதேன்னு இருந்துட்டேன். ஆனா எங்க அக்கா மகன் போயிருந்தான், கூட்டாளிங்க ஆறு பேரோட. பின்னேரம் அவன்கிட்டருந்து ஃபோன் வருது, எடுத்தா சத்தம் மட்டும்தான் கேக்குது, சனம் கத்துற சத்தம், "மாமா எனக்கு ஒன்னும் இல்ல, எனக்கு ஒன்னும் இல்ல"ன்னு ரெண்டு தடவ சொன்னான், லைன் கட் ஆயிருச்சு. ஒன்னும் இல்லன்னு ஒருத்தன் எடுத்த எடுப்புல சொன்னா என்னமோ ஆயிருச்சுன்னுதானே அர்த்தம். கையில கிரீஸோட அப்படியே நின்னேன். திரும்பத் திரும்ப எடுத்துப் பாக்குறேன், லைன் கிடைக்கல. ராத்திரி அவன் வீடு வந்து சேர்ற வரைக்கும் அக்கா வாசப்படிய விட்டு நகரல. வந்தவன் தலை, புருவம், காது மடல் எல்லாம் செம்மண் தூசி, கண்ணு ரெண்டு மட்டும்தான் வெளியில தெரியுது. சோறு போட்டு வச்சது அப்படியே ஆறிப்போச்சு.

அன்னைக்கு இன்னொன்னும் இருக்கு. ஈஸ்டர் குண்டு வெடிச்சு அன்னையோட சரியா அஞ்சு வருசம். காலையில பக்கத்து வீட்டுக்காரங்க கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏத்திட்டு வந்தாங்க. 2019க்கு அப்புறம் இந்த ரேஸே நடக்கல, குண்டு, பிறகு கொரோனா, பிறகு பெற்றோல் இல்ல, கேஸ் இல்ல. கியூஆர் கோட்ட காட்டி வாரத்துக்கு இத்தன லீட்டர்னு பெற்றோல் வாங்குன நாட்டுல யாரு ரேஸ் ஓட்டுறது. அஞ்சு வருசம் கழிச்சு முதல் தடவையா நடந்த ரேஸ் இது, அதுவும் புதுவருசம் முடிஞ்சு அடுத்த வாரம், புள்ளைங்களுக்கு லீவு, தோட்டத்துப் பக்கம் சொந்தக்காரங்க எல்லாம் வந்து நிக்கிற நேரம். 45,000 பேர் வந்ததா செய்தியில சொன்னாங்க. வராம என்ன செய்யும்? ஃபேஸ்புக்ல சில பேர் கொமெண்ட் போடுறாங்க, வேலை வெட்டி இல்லாத சனம், சாவத் தேடிப் போச்சுன்னு. இத எழுதுறவங்க மலையகத்துல ஒரு ஏப்ரல் மாசமாவது இருந்து பாத்திருக்காங்களான்னு கேக்கணும். நுவரெலியா சீசன், மகாகஸ்தோட்ட மலையேத்த ரேஸ், ராதல்ல ரேஸ், இந்தப் பக்கம் ஃபொக்ஸ்ஹில், இதெல்லாம் எங்களுக்கு தேர்த் திருவிழா மாதிரி. அப்பா தோள்ல ஏத்திக்கிட்டுப் போய் காட்டுவாரு, நாங்க எங்க புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போனோம். புளிச்சோறு கட்டிக்கிட்டு, போத்தல்ல தண்ணி எடுத்துக்கிட்டு, காலையிலயே போய் எடம் புடிச்சு உக்காருவோம்.

(ஃபொக்ஸ்ஹில்னு ஏன் பேர் வந்துச்சுன்னு எங்க புள்ளைங்களுக்கே தெரியாது. வெள்ளக்காரன் காலத்துல ஃபொக்ஸ்னு ஒரு கப்பல்ல வந்த மாலுமிங்க அந்த மலையில வெள்ளைக் கல்லு அடுக்கி நரி உருவம் செஞ்சு வச்சாங்க, அதுதான். ரேஸுக்கும் நரிக்கும் சம்பந்தம் இல்ல.)

இப்ப விசயத்துக்கு வர்றேன். அந்த வீடியோவ நீங்களும் பாத்திருப்பீங்க. நான் கராஜ்ல ஷட்டர இறக்கிட்டு தனியா உக்காந்து பாத்தேன், நிறுத்தி நிறுத்தி. ஒரு கார் ட்ரெக் ஓரத்துல கவுந்து கிடக்குது. ரேஸ் ஆளுங்க மஞ்சக் கொடி ஆட்டுறாங்க. மத்த காருங்க வேகம் குறையாம போய்க்கிட்டே இருக்கு. கொஞ்ச நேரத்துல ஒரு சிவப்புக் கார் ட்ரெக்க விட்டு விலகி சனத்துக்குள்ள. அவ்வளவுதான், அதுக்கு மேல பாக்க முடியல.

மஞ்சக் கொடின்னா என்ன அர்த்தம்? முன்னால ஆபத்து இருக்கு, வேகத்தக் குறை, முந்தாத. சிவப்புன்னா ரேஸ் நிறுத்தியாச்சு. பேப்பர்ல இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வரிதான், ட்ரெக்குல அது உயிர் விசயம். இதுல டிரைவர் பக்கத்தையும் கொஞ்சம் பாக்கணும். தார் ரோட்டு ரேஸ் வேற, மண் ரேஸ் வேற. மண்ணுல முன்னால ஓடுற கார் கிளப்புற புழுதி பின்னால வர்றவன் கண்ணாடியில அப்படியே சாந்து மாதிரி வந்து அப்பும், வைப்பர் போட்டாலும் முழுசா போகாது. அதுக்குள்ள ஒரு மனுசன் கையில புடிச்சிருக்கிற துணி, அதுவும் மஞ்சள், செம்மண் புழுதிக்குள்ள மஞ்சள் எவ்வளவு தூரத்துல தெரியும்? டிரைவர் மேல தப்பே இல்லன்னு சொல்ல வரல. கொடியப் பாத்தும் மிதிச்சிருந்தா அவன் பதில் சொல்லத்தான் வேணும். ஆனா கொடி அவனுக்கு தெரிஞ்சுச்சான்னு முதல்ல பாக்கணும் இல்லையா. இப்ப வெளிநாட்டுல கொடியோட சேத்து ட்ரெக் ஓரத்துல லைட்டும் வச்சிருக்காங்க, டிரைவருக்கு முன்னாலயே, காருக்குள்ளயே லைட் எரியிற மாதிரியும் இருக்கு. அதுக்கு காசு வேணும், ஒத்துக்குறேன்.

காசே வேணாத ஒன்னு இருக்கு. சனத்த எங்க நிக்க வைக்கிறதுங்கிறது.

கார் வளைவுல புடி விட்டா எந்தப் பக்கம் போகும்? வெளிப்பக்கம்தான் போகும். ஆட்டோ ஓட்டுற பொடியனுக்கும் தெரியும், வளைவுல வேகமா திருப்புனா உள்ள இருக்கிற ஆள் எந்தப் பக்கம் சரியுவான்னு. மேட்டுல ஏறி இறங்குறப்ப கார் ஒரு கணம் அந்தரத்துல இருக்கும், அந்த ஒரு கணமும் ஸ்டியரிங்க எப்படித் திருப்புனாலும் பிரயோசனம் இல்ல, டயர் மண்ணுல பட்டாத்தானே திரும்பும். ஒரு டயர் முந்தி பட்டு இன்னொன்னு பிந்தி பட்டா கார் எங்க போகணும்னு அதுவே முடிவு பண்ணும். அதனால வளைவோட வெளிப்பக்கம், மேடு இறங்குற எடம், இந்த ரெண்டு எடத்துலயும் ஒரு ஈ காக்கா நிக்கக் கூடாது. ஆனா பாக்குறதுக்கு நல்லா இருக்கிறதும் அதே ரெண்டு எடம்தான். கார் பறக்குறது அங்கதான் தெரியும், ஃபோன்ல வீடியோ எடுக்க அங்கதான் தோது. சனம் தானா அங்கதான் போய்ச் சேரும். தண்ணி பள்ளத்துக்கு ஓடுற மாதிரி. அத நிறுத்துறது சனத்தோட வேலை இல்ல.

நானும் யோக்கியன் இல்ல. பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு முந்தி வேற ஒரு ட்ரெக்குல, எதுன்னு சொல்லல, மகன தூக்கி வச்சுக்கிட்டு வளைவுல நின்னேன், அவனுக்கு அஞ்சு வயசு. எங்களுக்கும் ட்ரெக்குக்கும் நடுவுல சிவப்பு வெள்ள பிளாஸ்டிக் டேப் ஒன்னு, கல்யாண வீட்டுல தொங்க விடுற கடதாசி மாதிரி. ஒரு கார் திரும்புச்சு, டயர்லருந்து கிளம்புன சரளைக் கல்லு ஒன்னு வந்து அவன் நெத்தியில பட்டுச்சு. சின்னக் கல்லுதான். ரெண்டு தையல். அவன் அம்மா இன்னைக்கும் அந்தத் தழும்பப் பாத்தா என்னையும் ஒரு பார்வை பாப்பா. அப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா, ச்சே ரேஸ் பாதியில வர வேண்டியதாப் போச்சேன்னு. கல்லு வந்த வழியில காரும் வரும்னு தோணவே இல்ல. ஒரு மெக்கானிக்குக்கே தோணலைன்னா புளிச்சோறு கட்டிக்கிட்டு வந்த குடும்பத்துக்கு எங்கருந்து தோணும்.

இது நம்ம நாட்டுல மட்டும் நடந்தது இல்ல. 1955ல பிரான்ஸ்ல லு மான் ரேஸ், ஜூன் 11. முன்னால போன ஜாகுவார் பிட்டுக்குள்ள, அதாவது பெற்றோல் அடிக்க டயர் மாத்த நிக்கிற எடத்துக்குள்ள, போறதுக்கு பிரேக் அடிச்சுச்சு, பின்னால வந்த சின்ன ஆஸ்டின் ஹீலி விலகுச்சு, அதுக்குப் பின்னால லெவேங்கிற டிரைவர் ஓட்டி வந்த மேர்சிடிஸ் அதும் மேல ஏறிப் பறந்து மண் அணைப்புல மோதி உடைஞ்சு, எஞ்சின் எல்லாம் பிஞ்சு சனத்துக்குள்ள போச்சு. எண்பது பேருக்கு மேல செத்தாங்க, அவரும் போயிட்டாரு. அங்கயும் எல்லாரும் அந்த ஜாகுவார்க்காரன் ஹோதோர்ன் மேல தப்பா, ஆஸ்டின் ஹீலி ஓட்டுன மக்லின் மேல தப்பா, லெவே மேல தப்பான்னுதான் அடிச்சுக்கிட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் அடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. ஆனா உண்மையான விசயம், அந்த ட்ரெக் 1923ல போட்ட கணக்கு. கார் வேகம் எங்கயோ போயிருச்சு, ரோட்டு அகலமும் சனம் நிக்கிற எடமும் மாறல, பிட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு சுவர் கூட இல்ல. அடுத்த வருசத்துக்குள்ள பிட்டையும் சனம் உக்காருற மேடையையும் இடிச்சுட்டு புதுசா கட்டுனாங்க. எதுல தப்புன்னு இடிச்ச எடத்தப் பாத்தாலே தெரியுதுல்ல.

அந்த ரேஸ அவங்க நிறுத்தவே இல்ல, அடுத்த நாள் வரைக்கும் ஓட்டி முடிச்சாங்க, ஹோதோர்ன் ஜெயிச்சாரு. முன்னால ஓடிக்கிட்டு இருந்த மேர்சிடிஸ்காரங்கதான் நடுராத்திரியில காரெல்லாம் எடுத்துக்கிட்டு போயிட்டாங்க. ரேஸ நிறுத்தாததுக்கு நடத்துனவங்க சொன்ன காரணம், சனம் எல்லாம் ஒரே நேரத்துல கிளம்புனா ரோடு அடைச்சுரும், அம்புலன்ஸ் போக முடியாதுன்னு. கேக்குறப்ப நெஞ்சு ஈரம் இல்லாத பேச்சு மாதிரி இருக்கும், நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். ஆனா தியத்தலாவயில ஞாயித்துக்கிழமை என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாத்தப்ப அதுலயும் ஒரு நியாயம் இருக்குன்னு பட்டுச்சு. இங்க 24 ரேஸ்ல 17ஆவதுலதான் இது நடந்துச்சு, மிச்சத்த நிறுத்துனாங்க, நிறுத்துனது சரிதான், பொணத்துக்குப் பக்கத்துல கப் குடுக்க முடியுமா. ஆனா நம்ம ரோடு எப்படி? தியத்தலாவயிலருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போற ரோடு எத்தன வளைவு, ரெண்டு பஸ் எதிரெதிரா வந்தா ஒன்னு ஒதுங்கி நிக்கணும். அதுல 45,000 பேரும் அவங்க வந்த வேன் பஸ் ஆட்டோ எல்லாம். அடுத்த தடவ எங்கயாவது ரேஸ் வச்சா அம்புலன்ஸுக்குன்னு ஒரு ரோட்ட காலையிலருந்தே வெறுமையா வைக்கணும், ஒரு பக்கம்தான் ரோடுன்னா அந்த அளவுக்குத்தான் சனத்த உள்ள விடணும்.

இன்னொன்னு 1986, போர்த்துக்கல் ரெலி. அந்தக் காலத்து வீடியோ யூடியூப்ல கிடக்கு, பாத்தா வயித்தக் கலக்கும். சனம் ரோட்டுல நடுவுல நிக்குது, கார் வர்றப்ப கதவு தொறக்குற மாதிரி ரெண்டு பக்கமும் விலகுது, சில பேர் ஓடுற கார தொட்டுப் பாக்குறாங்க, அது வீரமாம். ஒரு ஃபோர்ட் கார் சனத்துல மோதாம இருக்க விலகப் போய் புடி விட்டு இன்னொரு பக்கத்து சனத்துல ஏறிருச்சு. மூணு பேர் சாவு, முப்பது பேருக்கு மேல காயம். அன்னைக்கு கொம்பனிக்காக ஓட்டுன பெரிய டிரைவர்மார் எல்லாம் ஹோட்டல்ல கூடி, இதுக்கு மேல நாங்க ஓட்ட மாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டு விலகிட்டாங்க. இதுதான் எனக்குப் புடிச்ச விசயம். ஜெயிச்சா பேரும் காசும் வரும், ஆனாலும் சனம் இப்படி நின்னா ஓட்ட மாட்டேன்னு சாவிய எடுத்து மேசையில வச்சாங்க. நம்ம டிரைவர்மார் கிட்டயும் ஒன்னு கேக்குறேன், ரேஸுக்கு முந்தி ட்ரெக்க சுத்திப் பாக்குறப்ப சனம் எங்க நிக்குதுன்னு உங்க கண்ணுக்கு தெரியாமலா இருக்கும்? ஒருத்தராவது ஹெல்மட்ட கழட்டி, அந்த வளைவ காலி பண்ணுங்க பிறகு ஓட்டுறேன்னு சொல்லலாமே.

ரேஸ் வேலைக்குன்னு நின்னு செத்த அந்த நாலு பேரப் பத்தி உங்க பேப்பர்ல ஒரே ஒரு வரி. ரேஸ்ல கார் ஓட்டுறவன் ஹெல்மட் போட்டிருக்கான், கூண்டுக்குள்ள உக்காந்திருக்கான், பெல்ட் நாலு பக்கமும் இறுக்கியிருக்கு. கொடி புடிக்கிறவனுக்கு ஒரு தொப்பி. கார் கவுந்தா டிரைவர வெளிய எடுக்க ஓட வேண்டியவனும் அவன்தான், ஓடுறப்ப பின்னால வர்ற கார் நிக்கும்னு ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான் அவனுக்கு இருக்கிற பாதுகாப்பு. உலகம் பூரா இந்த வேலைய பெரும்பாலும் ஆசைக்குத்தான் செய்யிறாங்க, சம்பளத்துக்கு இல்ல. அவங்க வீட்டுக்கு யாராவது ஒரு ரிப்போட்டர அனுப்புங்க. வீட்டுக்காரங்க பேச விரும்பலைன்னா விட்டுருங்க, விரும்புனா கேட்டு எழுதுங்க, இந்த வேலைய எத்தன வருசமா செஞ்சாருன்னு.

ரேஸே வேணாம், தடை போடுன்னு சில பேர் எழுதுறாங்க. சுவிஸ்ல லு மானுக்குப் பிறகு அப்படித்தான் செஞ்சாங்க, சேர்கிட் ரேஸுக்கு அறுவது வருசத்துக்கு மேல தடை, 2022லதான் அத எடுக்கணும்னு பாராளுமன்றத்துல முடிவு பண்ணாங்க. சுவிஸ்காரனுக்கு பக்கத்துல இத்தாலி இருக்கு, ஜேர்மனி இருக்கு, ஆசைப்பட்டா போய்ப் பாத்துட்டு வருவான். எங்களுக்கு எங்க இருக்கு? தடை போட்டா இந்தப் பொடியனுங்க ராத்திரியில மெயின் ரோட்டுல போட்டி போடுவானுங்க, அதுக்கு கொடி புடிக்க ஒருத்தனும் இருக்க மாட்டான். இப்பவே சைலன்ஸர் மாத்தித் தரச் சொல்லி என்கிட்ட வர்றானுங்க. நடத்தட்டும். ஃபொக்ஸ்ஹில் மட்டும் இல்ல, அனுராதபுரத்துல கஜபா சூப்பர் குரோஸ் இருக்கு, சிகிரியாவுல விமானப்படை நடத்துறது இருக்கு, எல்லாத்துக்கும் இதே மண்ணுதான் இதே புழுதிதான்.

ஆமி விசாரணைக் குழு போட்டிருக்குன்னு படிச்சேன். நல்லது. அந்த அறிக்கை வர்ற அன்னைக்கு அதையும் இப்ப போட்ட மாதிரி முதல் பக்கத்துலயே போடுங்க, ஆறாம் பக்கத்துல மரண அறிவித்தலுக்குக் கீழ போட்டுராதீங்க. அதுல எந்தக் காருக்கு பிரேக் எப்படி இருந்துச்சுங்கிறது மட்டும் இல்லாம, ட்ரெக் விளிம்புலருந்து சனம் நின்ன எடத்துக்கு எத்தன மீட்டர், நடுவுல மண் அணைப்பு இருந்துச்சா, இருந்தா எவ்வளவு உயரம், மஞ்சளுக்கு அப்புறம் சிவப்புக் கொடி காட்டுறத யார் முடிவு பண்றது, அந்த ஆள் எங்க நின்னாரு, அவருக்கு அந்த வளைவு தெரிஞ்சுச்சா, இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஏன் இல்லைன்னு கேளுங்க, கேக்குறதுக்குத்தானே பேப்பர்.

அதுக்குள்ள ஒரு உதவி. மழை தொடங்கிருச்சு, பின்னேரத்துல இடியோட ஊத்துது, இன்னும் ஒரு கிழமையில அந்த ட்ரெக்குல டயர் போன தடம் எதுவும் மிச்சம் இருக்காது. அது ஆமி எடம், நான் போய் நின்னா கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாங்க, நிருபர் கேட்டா ஒருவேளை விடுவாங்க. அப்படி விட்டா அளந்து எழுதுங்க. முப்பது மீட்டர் டேப் என்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமை கடை பூட்டுதான், ஒரு முனைய புடிக்க நான் வர்றேன்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் மெக்கானிக்,
பண்டாரவளை.